களக்காட்டுச் சிறுகிழங்கு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பூர்விக சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் நெல்லைக் கொண்டே அதை அளந்திருக்கிறார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் அந்த நதியின் குறுக்கே கோடைமேலழகியான் அணை முதல் ஸ்ரீவைகுண்டம் அணை வரை எட்டுத் தடுப்பணைகள் நிற்கின்றன. அவற்றுள் ஏழு, ஆங்கிலேயர் இந்நாட்டில் கால் வைப்பதற்கு முன்பே நம்மவர் கட்டியவை. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு வைத்த நிவந்தத்தைக் கூறும் கல்வெட்டு, இறைவனின் திருவமுதுக்கு வேண்டிய அரிசியையும் நெய்யையும் தயிரையும் வாழைப்பழத்தையும் கறிவகைகளையும் அவற்றுக்குரிய சம்பாரங்களையும் அளவு தவறாமல் எழுதிவைத்தபோதும், கணக்கின் அடிப்படையாக நெல்லையே வைத்துக்கொண்டது. மழையில் நனையாதபடி நெல்லுக்கு வேலியிட்டுக் காத்தவர் என்று பெருமானையே போற்றும் தலபுராணம் வழங்குகிற நாட்டில், மண்ணுக்குள் விளைகிற பொருளுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் அந்தப் பள்ளத்தாக்கின் தென்மேற்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் எழுந்து நிற்கும் களக்காட்டில் நின்று பார்க்கும்போது, நெல்லை மட்டும் வைத்து எழுதிய கதை பாதிக் கதை என்று தோன்றுகிறது. இந்த ஊருக்குத் தண்ணீர் தருவது பெருநதியின் கால்வாய் அன்று. மலையிலிருந்து இறங்கித் தலையணையில் பாறைகளின் மேல் புரண்டு வரும் பச்சையாறும், அதைச் சார்ந்த குளங்களுமே. குளத்தின் கீழே வயலும் வாழையும், குளத்துத் தண்ணீர் ஏறாத மேட்டில் செம்மண்ணும் சரளையும், அதற்கும் மேலே காடு என்று நிலம் மூன்று அடுக்காகக் கிடக்கிறது. இந்த மூன்று அடுக்கிலும் மனிதர் கிழங்கைத் தேடியிருக்கிறார்கள் அல்லது நட்டிருக்கிறார்கள். அவ்வாறு நட்டவற்றுள், உருவத்தில் மிகச் சிறியதும் இந்நாட்டார் மிக விரும்புவதுமான சிறுகிழங்கின் வரலாற்றைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதைச் சொல்லுமுன் மலையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கிழங்கு மலைநாட்டாரின் ஆகாரம் என்பதற்குச் சங்க இலக்கியமே சாட்சி. பாரியின் பறம்புமலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு அம்மலையில் உண்டு என்று கபிலர் எடுத்துரைக்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. புறநானூற்றின் 109ஆம் பாட்டில் வரும் இந்தப் பட்டியல், ஒரு கோட்டையைக் காக்கும் படைக்கலங்களின் வரிசையில் கிழங்கையும் வைக்கிறது. வள்ளியும் கவலையும் நூரையும் இன்றும் தென்மலைகளில் காடாகக் கிடக்கின்றன. களக்காட்டுக்கு வடக்கே, பாபநாசத்துக்கும் முண்டந்துறைக்கும் மேலே வாழும் காணி மக்கள், மழைக்காலம் கழிந்து கொடி பழுத்துக் காயும் பருவத்தில் அந்தக் கொடியின் அடியைத் தேடிப் பாரைக்கோலால் அகழ்ந்து கிழங்கை எடுப்பார்கள். கிழங்கு முழுவதையும் எடுத்துவிடாமல், கொடி முளைக்கும் தலைப்பகுதியை மண்ணிட்டு மூடிவிட்டு வருவது மலைவாணர் பலரிடமும் உள்ள வழக்கம். உழவு நூல் எதிலும் எழுதப்படாத விவசாயம் இது. அடுத்த வருஷத்துக்கான விதைப்பை அறுவடையின்போதே முடித்துவிடுகிற விவசாயம். முண்டந்துறை 1962லும் களக்காடு 1976லும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 1988இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனபின், மலையில் அகழ்வதற்குரிய சுதந்திரம் குறைந்தது. காணிக் குடியிருப்புகளில் இப்போது வீட்டைச் சுற்றி நட்ட மரச்சீனிக்கிழங்கே நித்திய ஆகாரத்தில் பெரும் பங்கு பெற்றிருக்கிறது.

மலையைப் பற்றிய பேச்சில் இன்னொரு செடியையும் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. களக்காட்டு மலைத்தொடரின் ஓடைக்கரைகளிலும், வெயில் நேரே விழாத ஈரப்பாறைகளிலும், ஒருபக்கம் சரிந்த இதயம் போன்ற இலைகளும் வெளிர்சிவப்புப் பூக்களும் கொண்ட பிகோனியா இனச் செடிகள் உண்டு. இவற்றுள் ஒன்று தமிழ்நாட்டு மலைகள் சிலவற்றில் நாராயண சஞ்சீவி என்ற பெயரோடு மருந்தாகப் பயன்படுகிறது. தண்டைக் கடித்தால் புளியாரை போன்ற புளிப்பு. அந்தப் புளிப்பைத் தருவது ஆக்சாலிக் அமிலம். இந்த இனத்தின் உறவினர்கள் சில தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் கிழங்கு கட்டி வாழ்பவை. லண்டனிலிருந்த வீட்ச் நாற்றுப்பண்ணைக்காக ரிச்சர்டு பியர்ஸ் என்பவர் 1860களில் பொலிவியா, பெரு நாடுகளிலிருந்து அவற்றைச் சேகரித்து அனுப்ப, 1870ஐ ஒட்டி அங்கே முதல் ஒட்டுவகை தோன்றியது. இன்று குளிர்நாட்டுத் தோட்டங்களிலும் நம் மலைவாசஸ்தலங்களின் பூங்காக்களிலும் காணப்படும் பெரும்பூப் பிகோனியாக்கள் யாவும் அந்த வம்சமே. அவற்றின் இதழ்களைப் புளிப்புக்காக உண்பவர் உண்டு. கிழங்கை யாரும் உண்பதில்லை. ஆனால் அந்தக் கிழங்கு உருவாகும் விதத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது: பகல் நீண்டிருக்கும் வரையில் செடி பூக்கும்; பகல் குறுகத் தொடங்கியதும் பூப்பதை விட்டு, தன் சாரத்தையெல்லாம் மண்ணுக்குள் இறக்கிக் கிழங்கைப் பெருக்கும். நம் சிறுகிழங்குக்கும் இதே குணம் உண்டு. நெல்லைச் சீமையின் பெரிய பண்டிகையோடு அதைப் பிணைத்ததும் இந்தக் குணமே. அதைப் பின்னால் விரிவாகக் காண்போம்.

களக்காடு என்ற ஊரின் ராஜரீக சரித்திரம் மலைக்கு இப்பாலும் அப்பாலும் மாறி மாறிச் சாய்ந்தது. சத்தியவாகீசுவரர் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைக் கண்டு இது முழுக்கப் பாண்டிய நாட்டு ஊர் என்று எண்ணுகிறவர்களுக்கு, பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதுவே வேணாட்டு அரசர் ஒருவரின் வாசஸ்தலமாக இருந்தது என்ற செய்தி வியப்பாக இருக்கலாம். பூதலவீர உதயமார்த்தாண்ட வர்மர் என்ற அந்த அரசர், மலையைக் கடந்துவந்து களக்காட்டில் இருந்துகொண்டு தாமிரபரணிக்கரை வரை ஆணை செலுத்தினார். சோழகுலவல்லிபுரம் என்ற பெயரும் இவ்வூருக்கு அப்போது வழங்கியது. 1530களின் தொடக்கத்தில் விஜயநகரத்து அச்சுதராயரின் படை தென்கோடி வரை வந்தபின் அந்த ஆதிக்கம் தளர்ந்தது. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மரின் காலத்தில் இதே களக்காட்டின் மேல் மீண்டும் உரிமை கோரப்பட்டது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்களுக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் இடையே இந்தக் கோட்டை கைமாறிக் கைமாறி, முடிவில் 1760களில் நவாபின் பக்கம் நின்றது. 1801இல் நவாபின் நாடு கும்பெனிக்குப் போனபோது களக்காடும் உடன் சென்றது.

இந்த அரசியலை இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. அரசர்களின் எல்லை மாறியபோதும், மலைக்கணவாய்களின் வழியே சாமான்ய ஜனங்களின் போக்குவரவு நிற்கவே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் பொதிமாடுகள் நடந்தன. கருவாடும் கருப்பட்டியும் அரிசியும் மேற்கே போயின, மிளகும் பாக்கும் கிழக்கே வந்தன. சமையலும் சம்பிரதாயங்களும் அவற்றோடு இரு திசையிலும் பிரயாணம் செய்தன. நெல்லைச் சீமையின் அவியலும் புளிக்கறியும் மலைக்கு அப்பாலும் வீட்டுச் சமையலாக இருப்பதும், தேங்காயை இவ்வளவு தாராளமாக அரைக்கும் பழக்கம் மதுரைக்கு வடக்கே குறைந்துவிடுவதும் இதனால்தான்.

கிழங்கு விஷயத்தில் இந்த உறவு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. மலையாள நாட்டில் தனு மாதத்துத் திருவாதிரைக்கு முதல் நாளில், எட்டுவகைப் பொருள்களைக் கனலில் சுட்டு வெல்லப்பாகில் சேர்த்துப் படைக்கும் எட்டங்காடி என்ற வழக்கம் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கிழங்குகள். திருவாதிரை நாளில் பலவகைக் கிழங்குகளை ஒன்றாக வேகவைத்த புழுக்கைப் பெண்கள் உண்பார்கள். அதே மார்கழித் திருவாதிரையில், நடராஜரின் ஐந்து சபைகளுள் தாமிரசபையைத் தன்னிடத்தே கொண்ட திருநெல்வேலிச் சீமையில், களியோடு சேர்த்துண்ணத் தாளகம் என்ற குழம்பு கொதிக்கிறது. சேனையும் சேம்பும் சிறுகிழங்கும் சீனிக்கிழங்கும் இல்லாமல் அந்தக் குழம்பு நிறைவு பெறாது என்று வீட்டுப் பெரியவர்கள் கருதுகிறார்கள். ஒரு மலையின் இரு சரிவுகளிலும் ஒரே நட்சத்திரத்துக்கு ஒரே பொருளை வேகவைக்கிறார்கள். இந்த வழக்கம் முதலில் எந்தச் சரிவில் தோன்றியது என்று வழக்காடுவது வீண். அது மலையடிவாரத்து வழக்கம், அவ்வளவே.

இனி சிறுகிழங்கு. மலையாளத்தில் கூர்க்க என்றும், இலங்கையில் இன்னலை என்றும் வழங்கும் இச்செடி துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுக் கொல்லையில் இருமலுக்காக வைத்திருக்கும் கற்பூரவல்லிக்கு நெருங்கிய பந்து. சதுரமான சதைப்பற்றுள்ள தண்டும், கசக்கினால் மணம் வீசும் தடித்த இலையும், ஊதா நிறத்துச் சிறு பூங்கதிரும் இந்த உறவைக் காட்டிக்கொடுக்கும். இதன் பூர்விகம் ஆப்பிரிக்கா என்பது தாவர சாஸ்திரிகளின் கருத்து. இன்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, பர்கினா பாஸோ, வட நைஜீரியா ஆகிய பிரதேசங்களில் இதைப் பயிர் செய்து உண்கிறார்கள்; அங்கிருந்து இந்து மகாசமுத்திரத்தின் கரைகள் வழியே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஜாவாவுக்கும் அது பரவியது. ஆங்கிலத்தில் இதைச் சீன உருளைக்கிழங்கு என்கிறார்கள். சீனாவுக்கும் இதற்கும் பிறப்புறவு எதுவும் இல்லை. மரச்சீனியும் சீனிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பறங்கியர் கப்பலேறி வந்தவை. சிறுகிழங்கோ வேறொரு கரையிலிருந்து வேறொரு வழியாக வந்தது. கொண்டுவந்த கைகளின் பெயரை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை. கப்பலில் மூட்டை சுமந்தவனோ, கரையில் சமைத்துப்போட்ட பெண்ணோ மடியில் முடிந்து வந்திருக்கக்கூடிய பொருள்தான் இது.

இந்தச் செடி விதையால் பெருகுவதில்லை. சென்ற பருவத்துக் கிழங்குகளில் நல்லவற்றைப் பொறுக்கி வைத்திருந்து, வைகாசி, ஆனி மாதங்களில் நாற்றங்காலில் ஊன்றுகிறார்கள். ஒன்றரை மாதத்தில் கொடி தழைத்துவிடும். அந்தக் கொடியின் நுனிகளை ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிள்ளி, ஆடி, ஆவணியில் செம்மண் கொல்லையில் பிடித்த பார்களில், ஈரம் இருக்கும் நேரமாகப் பார்த்து நடுகிறார்கள். ஆழ நட வேண்டியதில்லை. தண்டு படுத்தாற்போல் மண்ணுக்குள் இருந்தால் கணுவுக்குக் கணு வேர்விடும். களை இரண்டு முறை எடுத்து, இரண்டாம் களையோடு மண்ணை அணைத்துவிட வேண்டும். மண் அணைப்பதில் சோம்பினால் கிழங்கு வெளியே தலைகாட்டிப் பச்சை பிடித்துவிடும். கரிசலிலும் களிமண்ணிலும் வைத்தால் கிழங்கு கோணிச் சிறுத்துப்போகும். ஆகையால்தான் களக்காட்டிலிருந்து வடக்கே கடையம், கீழப்பாவூர், ஆலங்குளம் வரை செல்லும் மலையடிவாரத்துச் செவ்வல் நிலங்கள் இதற்கு உகந்தவையாக அமைந்தன. மலையிலிருந்து காலங்காலமாக அரித்து வந்த மணலும் செம்மண்ணும் கலந்த அந்த நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நின்று தங்காமல் வடிந்துவிடும், வேரும் அழுகாது.

செடி தழைத்துப் படர்ந்து பாரை மூடிக்கொண்டு நிற்கும் புரட்டாசியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் சல்லிவேர்தான் இருக்கும்; கிழங்கு இராது. சூரியன் தென்திசையில் விலகி, பகல் நாளுக்கு நாள் குறுகி, இரவு நீளும்போதுதான் மண்ணுக்குள் கிழங்கு திரளத் தொடங்குகிறது. நெடும்பகலில் நட்டால் கொடி மட்டும் கொழுக்கும். ஆண்டீஸ் மலைப் பிகோனியாவைப் பற்றி மேலே சொன்ன குணம் இதுவே. பகலின் அளவைச் செடி எவ்வாறு உணர்கிறது என்பதை விஞ்ஞானிகள் இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்து விளக்கினார்கள். ஆனால் ஆடியில் நட்டதை மார்கழிக்கு முன் தோண்டலாகாது என்பதை நெல்லைச் சீமைச் சம்சாரிகள் எந்த ஆராய்ச்சிக்கும் காத்திராமல் அறிந்திருந்தார்கள். தட்சிணாயனத்தின் பிற்பகுதியில் மண்ணுக்குள் திரண்ட கிழங்கு, சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணத்தின் முதல் நாளில் அந்தச் சூரியனுக்கே படைக்கப்படுகிறது. பண்டிகையின் நாளைக் குறித்தவர்கள் இந்தச் செடியை நினைத்துக் குறிக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர் ஒன்று, தன் இயற்கையால் தமிழரின் பஞ்சாங்கத்துக்குள் இவ்வளவு சரியாக வந்து பொருந்திக்கொண்டது என்பதே எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் நெஞ்சைத் தொடுகிற செய்தி.

நெல்லைச் சீமையின் பொங்கலைக் கண்டவர்களுக்கு, அங்கே கரும்புக்கும் மஞ்சள் குலைக்கும் சற்றும் குறையாத மரியாதை கிழங்குக்கு உண்டு என்பது தெரிந்திருக்கும். மார்கழி கடைசி வாரத்தில் களக்காடு, நாங்குனேரி, வள்ளியூர், சேரன்மகாதேவி ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் கிழங்குக் குவியல்கள் எழும்பும்: மண் ஒட்டிய சேனை, மயிர் அடர்ந்த சேம்பு, பிடிகிழங்கு, கருணை, சீனிக்கிழங்கு, தேரிக்காட்டுப் பக்கமிருந்து கட்டுக்கட்டாக வரும் பனங்கிழங்கு, இவற்றுக்கு நடுவே கறுத்துச் சிறுத்துக் கோலிக்குண்டு அளவில் சிறுகிழங்கு. மணம் முடித்துக் கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் பிறந்த வீட்டார் அனுப்பும் பொங்கல்படியில் அரிசி, வெல்லம், பாத்திரம், கரும்பு, மஞ்சள் குலை ஆகியவற்றோடு இந்தக் கிழங்குகளும் செல்லும். தைமுதல் நாள் விடியலில், சுண்ணாம்பும் காவியும் பூசிய பொங்கல்கட்டிகளை வாசலில் நிறுத்தி, பனையோலை எரித்துப் பொங்கலிடும்போது, குத்துவிளக்குக்கும் நிறைநாழிக்கும் முன்னால் விரித்த தலைவாழை இலையில் காய்களும் கிழங்குகளும் பச்சையாகவே, கழுவிய ஈரத்தோடு படைக்கப்படுகின்றன. கோயிலின் நைவேத்தியத்தில் சமைத்த அன்னத்துக்கே முதலிடம்; வீட்டு வாசலில் நடக்கும் இந்தப் பூஜையில் மண்ணிலிருந்து எடுத்த பொருளை எடுத்த கோலத்திலேயே ஆதித்தனுக்குக் காட்டுகிறார்கள். கல்வெட்டில் இடம்பெறாத பயிர்களுக்கு, எழுத்தறியாத பெண்களும் வருஷந்தோறும் தங்கள் வாசலில் இடம் கொடுத்துவந்தார்கள்.

படைத்தபின் கிழங்கு அடுக்களைக்குப் போகிறது. அங்கேதான் அதன் கஷ்டம் தொடங்குகிறது. சிறுகிழங்கின் தோல் மெல்லியது, ஆனால் ஒட்டிக்கொண்டிருப்பது. ஒவ்வொன்றாகக் கத்தியால் சீவப் புகுந்தால் பொழுது போய்விடும், கிழங்கும் பாதியாகிவிடும். ஆகவே முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் கட்டி, கல்தரையில் அடித்துப் புரட்டித் தேய்க்கிறார்கள். சாக்கின் சணல் முரட்டுத்தனமே தோலை உரித்துவிடும். "ஏளா, ரொம்ப அடிக்காத, கெழங்கு ஒடஞ்சிரும்" என்று ஆச்சி உள்ளேயிருந்து குரல் கொடுப்பது பொங்கல் காலத்து வீடுகளில் கேட்கிற பேச்சு. சாக்கைப் பிரித்துக் கொட்டினால் கருந்தோல் நீங்கிய வெளுத்த உருண்டைகள் வெளிவரும். கண்ணிலும் மடிப்பிலும் மிஞ்சிய தோலை மட்டும் கத்திமுனையால் சுரண்டி, உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லையேல் காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். கிழங்கு சீவிய விரல்களில் ஏறிய கறை இரண்டு மூன்று நாள் போகாது. அந்த நாட்களில் திருநெல்வேலிப் பெண்கள் பலருடைய கையைப் பார்த்தே அவர்கள் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம்.

சமையலில் இதை அதிகமாக அலங்கரிப்பவர்கள் ருசியைக் கெடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டாக நறுக்கி உப்பிட்டு வேகவைத்து, தேங்காய், சீரகம், மிளகாய், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துப் புரட்டினால் போதும். உருளைக்கிழங்கின் மாவுத்தன்மையும் அதற்கில்லாத ஒரு மண்வாசனையும் இதற்கு உண்டு. அந்த வாசனையை மசாலாவால் மூடுவது முறையன்று. பொங்கலன்று இதன் பெரும்பகுதி இடிசாம்பாருக்கும் அவியலுக்கும் போய்விடும். மறுநாள், மிஞ்சிய கறிகளையும் குழம்பையும் ஒன்றாகக் கூட்டி, மண்சட்டியில் நெடுநேரம் சுண்டவைத்த சுண்டக்குழம்பில் கரையாமல் உருத்தெரிந்து நிற்கும் காய் சிறுகிழங்கு ஒன்றுதான். பழைய சோற்றோடு அதைத் தேடி எடுத்து உண்பதற்காகவே மாட்டுப்பொங்கல் காலையை எதிர்பார்ப்பவர்கள் நெல்லையில் அநேகர். அதன்பின் தை மாதத்திலேயே சிறுமிகளின் சிறுவீட்டுப் பொங்கல் வரும். மார்கழி முழுவதும் வாசலில் சாணப்பிள்ளையார் வைத்துப் பூசணிப்பூச் சூட்டிய குழந்தைகள், மண்ணால் கட்டிய சிறு வீட்டின் முன் சிறு பானையில் பொங்கலிட்டு, காய்ந்த எருவையும் பூவையும் ஆற்றில் விட்டுவரும் அந்த நாளில், பெரியவர்கள் உதவியோடு அவர்கள் சமைக்கும் கூட்டாஞ்சோற்றிலும் காய்களோடு சிறுகிழங்கு சேர்வதுண்டு.

பண்டிகையின் கிழங்கு ஒருபுறமிருக்க, பசியின் கிழங்கு மறுபுறம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் மானாவாரி நிலங்களை நம்பிய கிராமங்கள் தவித்தன. பலர் தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். மலையின் அப்புறத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மரச்சீனிக்கிழங்கைத் தம் பிரஜைகளிடையே பரப்ப முனைந்தார். அதன் பயன் அறுபது ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது: 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி அங்கிருந்து வரும் அரிசி நின்றபோது, திருவிதாங்கூர் சமஸ்தானம் பெரும்பாலும் அந்தக் கிழங்கால் உயிர் தரித்தது. கணவாய்க்கு இப்பால் உள்ள ஊர்களிலும் அவித்த மரச்சீனி ஒருவேளை ஆகாரமாயிற்று. அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்குக் கிழங்கு என்றாலே தரித்திரத்தின் நினைவு வந்தது. கை ஓங்கியதும் மரச்சீனியைப் பலர் சோற்று இலையிலிருந்து விலக்கினார்கள். சிறுகிழங்குக்கு அந்த அவமதிப்பு நேராததற்குப் பொங்கலே காரணம் என்று கருதுகிறேன். வருஷத்தில் ஒரு முறையாவது ஆதித்தனின் முன்னால் வைக்கப்படுகிற பொருளை ஏழையின் உணவு என்று தள்ள யாருக்கும் மனம் வராது.

1963இல் திருவனந்தபுரத்துக்கு அருகே ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபின், சிறுகிழங்கும் விஞ்ஞானிகளின் கவனத்துக்கு வந்தது. அந்நிலையம் ஸ்ரீதாரா என்ற தேர்ந்த ரகத்தை 1993இல் வெளியிட்டது. கேரள விவசாயப் பல்கலைக்கழகம் நிதி, சுபலா என்ற ரகங்களைத் தந்தது. இவற்றுள் சுபலா பகலின் அளவுக்குக் கட்டுப்படாமல் வருஷம் முழுவதும் கிழங்கு கட்டக்கூடியது. விவசாயிக்கு இது நன்மைதான். பொங்கலுக்கு முந்திய பத்து நாளில் ஏறும் விலை, பொங்கல் கழிந்த மறுவாரமே சரிந்து, தோண்டும் கூலிக்கும் கட்டாமல் போவதைக் கண்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். களக்காட்டு ஏத்தன் வாழைத்தார் வறுவலுக்காகக் கேரளத்துக்கு லாரியேறுவதைப் போலவே, அடிவாரத்துச் சிறுகிழங்கிலும் பெரும்பகுதி செங்கோட்டை வழியாக மலையாளச் சந்தைகளுக்குத்தான் போகிறது. அங்கே விலை குறைந்தால் இங்கே கொல்லையிலேயே கிழங்கை விட்டுவிட நேர்கிறது. வேர்முடிச்சு நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத சத்துரு வேறு. ஒரே நிலத்தில் தொடர்ந்து நட்டால் அது வேரில் புகுந்து கிழங்கை மருவும் முண்டுமாக ஆக்கிவிடும்; அப்படிப்பட்ட கிழங்கைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். பயிரை மாற்றி மாற்றி வைப்பதும், வைகாசியில் நாற்றங்காலுக்குப் போடும் விதைக்கிழங்கைப் பழுதில்லாமல் பொறுக்குவதும் இதற்கு முக்கியமான காப்பு.

பருவத்துக்குக் கட்டுப்படாத புது ரகம் பரவட்டும். ஆயினும் தட்சிணாயனத்தை அறிந்து திரளும் பழைய நாட்டு ரகத்தை அடிவாரத்து ஊர்கள் கைவிட்டுவிடக் கூடாது என்று நான் மனமார விரும்புகிறேன். அது எந்தக் களஞ்சியத்திலும் விதையாகச் சேர்த்துவைக்க இயலாத பயிர். கொடியாகவோ கிழங்காகவோ யாராவது ஒருவர் வருஷந்தோறும் மண்ணில் வைத்தால்தான் அது உண்டு. இப்போதைக்கு அந்தக் காரியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தை முடிந்து சந்தைக்குப் போனது போக, விற்பனைக்கு ஆகாத அளவில் ஆனால் நோயின்றித் திரண்ட கிழங்குகளை அடிவாரத்துச் சம்சாரிகள் நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து, தொழுவத்தின் மூலையில் குவித்துவைக்கிறார்கள். வைகாசிக்குள் அவற்றில் கால்பங்கு சுருங்கிக் கெட்டாலும், மீதமுள்ளவை ஒரு குறுக்கம் நிலத்துக்கு வேண்டிய கொடியைக் கொடுத்துவிடும்.